இருபது ரூபாய் ஸ்டிக்கர்

ஜூலை 3, புதன்

கேஸ் புக் பண்ணியாயிற்று. இஸ்திரிக்குப் போட்டதில் ஒரு தலையணை உறை திரும்பி வரவில்லை. கேட்டால், "நீங்க போடவே இல்லையே மேடம்" என்கிறார் இஸ்திரிக்காரர்.

இந்த டைரி என் வீட்டுக்காரர் கம்பெனியில் கொடுத்தது. வருஷா வருஷம் வரும். நானும் ஜனவரியில் பத்து நாள் ஒழுங்காக எழுதுவேன், பொங்கலோடு சரி. இன்றைக்கு மறுபடி எடுத்ததற்குக் காரணம் அக்காவின் போன்.

"மாமாவுக்கு செப்டம்பர் பதினஞ்சு அறுபதாம் கல்யாணம் வச்சிருக்கோம்டி. இங்க பம்மல்லயே சின்ன மண்டபம். சீரு கீருன்னு எதையும் தூக்கிட்டு வராத. நீ வந்து நின்னா போதும்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதுமா? அப்பாவும் அம்மாவும் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அண்ணன் தம்பி கிடையாது. கஸ்தூரி அக்காவுக்குப் பிறந்த வீடு என்று இன்றைக்கு மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். சீர்த்தட்டை நான் எடுக்காமல் யார் எடுப்பது?

ஆனால் அவளுக்கு என்ன வாங்குவது? பட்டுப்புடவை என்றால், "எவ்ளோ கொடுத்த?" என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் ஒரு வாரத்துக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வாள். மிக்ஸி அவளிடம் மூன்று இருக்கிறது, மூன்றும் பழசு. ஒன்று கெட்டால் இன்னொன்றைப் பிரித்து இதில் மாட்டுவாள். வெள்ளிக்கிழமை விடிந்தால் பல்லாவரம் சந்தையில் இருப்பாள் அக்கா. யாரோ கழித்த கடிகாரம், யார் வீட்டிலோ தேய்ந்த தோசைக்கல், மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி. பாத்திரம் என்றால் முதலில் கவிழ்த்து அடியில் வெட்டியிருக்கும் பெயரை வாசிப்பாள். "ம. ராஜாமணி, அரக்கோணம். பாரேன், எழுபத்திரண்டாம் வருஷம். அவங்க மருமவ போட்டுட்டா போல" என்று கதை கட்டிவிடுவாள். சந்தைக்கு நடுவில் சத்தமாக வாசிப்பாள். சின்ன வயதில் கூடப் போனால் எனக்கு மானம் போகும்.

இப்போது கூடப் போவதில்லை.

ஜூலை 6, சனி

நம் அபார்ட்மெண்ட் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பார்த்தேன். "பழைய பொருட்களைத் தேடித் தேடி வாங்குவதில் பிரியமுள்ள ஒருவருக்கு என்ன பரிசு கொடுக்கலாம்?"

பதில் கொட்டுகிறது. பூதக்கண்ணாடி. மடக்கிக்கொள்ளும் தள்ளுவண்டி. பித்தளை மெருகேற்றும் பாட்டில். சந்தையில் உட்கார ஒரு கையடக்க ஸ்டூல். நல்ல யோசனைகள்தான். அக்காவிடம் அந்த ஸ்டூல் ஏற்கெனவே இருக்கிறது, ஒரு கால் மட்டும் வேறு நிறம்.

சங்கத் தலைவி வத்சலா மேடம், "யார் சுகந்தி அது? பழம்பொருள் சேகரிக்கிறவங்களா? என்ன ஒரு ரசனை" என்று எழுதினார். நான் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பினேன். ஒருவர் என்று எழுதினேனே தவிர அக்கா என்று எழுதவில்லை. எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சாயந்திரம் மேடத்துக்கு அதிலிருந்தே ஒரு யோசனை பிறந்துவிட்டது. நம் வளாகத்திலேயே ஒரு கராஜ் சேல். கீழ்த்தளக் கார் நிறுத்தத்தில், இருபத்தொன்றாம் தேதி ஞாயிறு. வீட்டுக்குப் பத்து பொருளாவது போட வேண்டும். வருகிற பணம் காவலாளிகளின் பிள்ளைகள் படிப்புக்கு. சமையல் சாமான் மேசையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு.

என் வாயை நானே தைத்துக்கொண்டிருக்கலாம்.

ஜூலை 14, ஞாயிறு

பரண் ஒழித்தேன். தும்மல் இன்னும் நிற்கவில்லை.

பத்து பொருள் சேர்ப்பது லேசில்லை. ஒன்பது சேர்ந்தது. பத்தாவதாக, கடைசி மூலையில் செய்தித்தாள் சுற்றியபடியே ஒரு பொட்டலம். பிரித்ததும் தெரிந்துவிட்டது, பித்தளை காபி ஃபில்டர்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு அக்கா கொண்டுவந்தது. எல்லாரும் மினுமினுக்கும் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து வைத்த இடத்தில், இவள் தினத்தாளில் சுற்றி, மேலே சணல் கயிறு கட்டி, "பிரிச்சுப் பாருடி, பிரிச்சுப் பாருடி" என்று நின்றாள். வத்சலா மேடமும் இவருடைய மேனேஜர் வீட்டம்மாவும் பக்கத்தில். ஒரு ஓரம் லேசாக நசுங்கியிருந்தது. பழசு என்று கண் தெரியாதவர்களுக்கும் தெரியும். அடியில் எந்த ராஜாமணியின் பெயர் இருக்கிறதோ என்று எனக்கு உடம்பு கூசிற்று. "அப்புறம் பாக்கறேங்கா" என்று வாங்கி உள்ளே வைத்தேன். அன்றைக்குச் சாயந்திரமே பரண்.

வீட்டில் காபி மெஷின் இருக்கும்போது அது சும்மா கிடந்து என்ன பயன்? யாராவது உபயோகித்தால் புண்ணியம். அட்டைப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

மேடம் விலை ஸ்டிக்கர் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். தண்ணீர் பட்டாலும் உரியாத ரகமாம், அதில் அவருக்கு ஏகப் பெருமை. ஃபில்டரின் பக்கவாட்டில் இருபது ரூபாய் என்று எழுதி ஒட்டினேன். அதற்கு மேல் விலை போடக் கை வரவில்லை, நசுங்கல் இருக்கிறதே.

ஜூலை 18, வியாழன்

இவர் ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே சொல்கிறார்: "கஸ்தூரி அக்காகிட்ட பேசினேன். நம்ம கராஜ் சேல் பத்தி சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. ஞாயித்துக்கிழமை வராங்களாம்."

"அது நம்ம ரெசிடென்ட்ஸுக்கு மட்டும்தாங்க."

"வாசல்ல பேனர்ல அனைவரும் வருகன்னு போட்டிருக்கே?"

மனுஷர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. ஃபில்டரை எடுத்துவிடலாம் என்று கீழே போனேன். பெட்டிகளை எல்லாம் சங்க அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சாவி வத்சலா மேடத்திடம். போய்க் கேட்டால் ஏன் என்பார். ஞாயிறு காலையில் முதல் ஆளாகப் போய் எடுத்துவிட வேண்டும்.

ஜூலை 21, ஞாயிறு

சேல் நன்றாக நடந்தது. நல்ல கூட்டம். அக்கா வந்தாள், ஃபில்டரை வாங்கிக்கொண்டு போனாள். தலைவலி.

ஜூலை 22, திங்கள்

வேலைக்காரம்மா லீவு. சனிக்கிழமை ஆபீஸ் வேலையாகப் போன இவர் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். "அக்கா வந்தாங்களா? வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தியா?" என்றார். "அவசரமா கிளம்பிட்டா" என்றேன்.

நேற்று முதல் ஆளாகத்தான் போனேன். பெட்டியைத் திறப்பதற்குள் ஒருவர் குக்கர் கேட்டார், இன்னொருவர் சில்லறை கேட்டார். அதற்குள் யாரோ பெட்டியில் இருந்ததையெல்லாம் மேசையில் அடுக்கிவிட்டார்கள். ஒன்பதரைக்கே அக்கா வந்து நிற்கிறாள். மூக்குத்தி மின்ன, தோளில் அந்த உரச்சாக்குப் பை, கண்ணெல்லாம் மேசை மேல். என்னைப் பார்த்ததும், "எல்லாம் புதுசாவே இருக்குடி. இதையெல்லாமா போடறாங்க?" என்றாள். நேராக அவள் கை ஃபில்டருக்குத்தான் போயிற்று. வழக்கம்போல் கவிழ்த்தாள். அடியில் இருந்ததை வாசித்தாள். இந்த முறை சத்தமாக இல்லை.

எவ்வளவு பழைய பித்தளை இருக்கிறது உலகத்தில். எல்லா ஃபில்டரும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவளுக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

ஜூலை 24, புதன்

வத்சலா மேடம் போன். "சுகந்தி, உங்க டெய்லர் கஸ்தூரி வந்து ஆறு புடவை வாங்கிட்டுப் போனாங்க, ஃபால்ஸ் தைக்க. என்ன பணிவு. இவ்வளவு நாளா எங்ககிட்ட சொல்லாம வச்சிருந்தீங்களே."

நன்றாகத்தான் தைப்பாள் என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூலை 30, செவ்வாய்

வாசல் செக்யூரிட்டி இண்டர்காமில் கூப்பிட்டார். "மேடம், பி பிளாக்குக்கு டெய்லரம்மா வந்திருக்காங்க. யாருக்குத் தெரிஞ்சவங்கன்னு கேட்டா உங்க வீட்டு நம்பரை சொல்றாங்க. அனுப்பலாமா?"

"அனுப்புங்க" என்றேன். பால்கனியிலிருந்து பார்த்தேன். வேகாத வெயிலில் இரண்டு கையிலும் பையோடு பி பிளாக்கின் பின்பக்கம் நடந்தாள். வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பக்கத்து லிஃப்ட்தான். சங்கத்தில் அந்தத் தீர்மானம் வந்தபோது கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

எழுதிவிடுகிறேன். இதை யார் படிக்கப் போகிறார்கள்?

அன்றைக்கு அக்கா ஃபில்டரைக் கவிழ்த்து வாசித்துக்கொண்டிருந்தபோது வத்சலா மேடம் வந்தார். கிரகப்பிரவேசத்தில் பார்த்த முகம் அவருக்கு ஞாபகமில்லை. உரச்சாக்குப் பையையும் அக்காவையும் பார்த்துவிட்டு, "இவங்க யாரு சுகந்தி? உங்ககூட அவ்வளவு உரிமையா பேசினாங்களே?" என்றார்.

நான் சொன்னது இது: "நமக்கு பிளவுஸ் தைக்கறவங்க மேடம். பம்மல்லேர்ந்து வராங்க."

யோசிக்கவே இல்லை. ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருந்தது மாதிரி வாயிலிருந்து வந்தது. பொய்கூட முழுசாக இல்லை, அக்கா எனக்கு பிளவுஸ் தைக்கிறவள்தான். என் கல்யாண பிளவுஸிலிருந்து எல்லாம் அவள் தைத்ததுதான்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கையில் ஃபில்டர். திட்டியிருந்தால் தேவலை. நாலு பேர் நடுவில், "அடிப்பாவி, நான் உன் கூடப் பிறந்தவடி" என்று கேட்டிருக்கலாம், அதற்கு வாய் உள்ளவள்தான். அவள் மேடத்தின் பக்கம் திரும்பி, "ஆமாங்க மேடம். ஃபால்ஸ், பீக்கோ, பிளவுஸ் எல்லாம் பண்ணுவேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இது எவ்ளோங்க?" என்று கேட்டாள்.

என் அக்கா என்னை 'ங்க' போட்டுப் பேசினாள். எனக்குத் தலை வாரிவிட்டவள்.

"இருபது" என்றேன். புடவைத் தலைப்பில் முடிந்திருந்த நோட்டை எடுத்துக் கொடுத்தாள். நானும் வாங்கிக்கொண்டேன். பேரம் பேசவில்லை. அஞ்சு ரூபாய் கொத்தமல்லிக்குக் கால் மணி நேரம் நிற்கிறவள், ஒரு வார்த்தை பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

தண்ணீர் லாரி வரவில்லை. அக்காவுக்கு மூன்று முறை போன் எடுத்து மூன்று முறையும் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

அக்கா இப்போது ஐந்து வீட்டுக்குத் தைக்கிறாள். குழுவில் அவள் நம்பரைப் பகிர்கிறார்கள். "கஸ்தூரி டெய்லர், சுகந்தி வீட்டு சிபாரிசு." நன்றி சொல்லி எனக்குப் பூங்கொத்துப் படங்கள் வருகின்றன.

இன்றைக்குக் காத்திருந்து அவள் ஏறும் லிஃப்டிலேயே ஏறினேன். உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான். என்ன பேசுவது என்று தெரியாமல், "வீட்டுக்கு வாக்கா, காபி குடிச்சிட்டுப் போ" என்றேன்.

"டெய்லர் வந்து உக்காந்து காபி குடிச்சா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ரேஷன் கடையில் எண்ணெய் வரவில்லை என்று சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

"அக்கா, அன்னிக்கு வந்து..."

"விடுடி. தொழில் நல்லா போவுது. ஏழு ப்ளோர் ஏறி எறங்கறதுக்கு லிஃப்ட் இருக்கு. நீ சொன்ன பொய்ய நான் காப்பாத்திட்டுதான் இருக்கேன்."

ஏழாவது மாடி வந்தது. கதவு திறந்ததும், வெளியே நின்றிருந்த அம்மாவைப் பார்த்து, "வணக்கம் மேடம்" என்றாள். என்னைப் பார்த்தும் அதே போல், "வரேன் மேடம்."

ஆகஸ்ட் 20, செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு.

அறுபதாம் கல்யாணத்துக்கு அக்கா தன் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் பத்திரிகை வைத்திருக்கிறாள். வத்சலா மேடம் குழுவில் படம் போட்டு, "எவ்வளவு அன்பாக அழைத்தார். நாம் நாலு பேராவது போய் வர வேண்டும். எளிய மனிதர்களுக்கு அது பெரிய கௌரவம்" என்று எழுதியிருக்கிறார். கூட மூன்று பேர் வருகிறேன் என்று கை தூக்கியிருக்கிறார்கள்.

மண்டபத்தில் இவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, நான் சீர்த்தட்டை எடுத்துக்கொண்டு தங்கையாக மேடை ஏற வேண்டும்.

அக்காவுக்குப் போன் பண்ணினேன். "அவங்களை எதுக்குக்கா கூப்பிட்ட?"

"என் வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம். எனக்குத் தெரிஞ்சவங்கள நான் கூப்புடறேன். இதுல உனக்கென்ன?" பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. "சுகந்தி, நீ அன்னிக்கு யாரா வரப்போற? அத மட்டும் முன்னாடியே சொல்லிடு. டெய்லருக்குத் தெரிஞ்ச மேடமா வரதா இருந்தா வா, சாப்ட்டுப் போ. நான் ஒண்ணும் நெனக்க மாட்டேன். ஆனா பொறந்த வீட்டுத் தட்டு தூக்க வேற ஆளு பாக்கணுமில்ல?"

"அப்படியெல்லாம் பேசாதக்கா" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பதினைந்தாம் தேதி காய்ச்சல் வந்தால் என்ன என்று யோசித்தேன். தில்லியில் இவருடைய சித்தப்பா வீட்டு விசேஷம் ஏதாவது இருக்கிறதா என்று காலண்டரைப் பார்த்தேன். ஐம்பத்தொரு வயதில், பரீட்சைக்குப் பயந்து வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிற பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன். எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

பல்லாவரம் சந்தைக்குப் போனேன். தனியாக. அக்கா விடியற்காலையில் போய் ஒன்பதுக்குள் திரும்பிவிடுவாள், அதனால் மதியம் இரண்டு மணி வெயிலில் போனேன். அவள் ஆசைப்படுகிற மாதிரி ஏதாவது அங்கேதான் கிடைக்கும் என்று தோன்றியது. பூதக்கண்ணாடியும் தள்ளுவண்டியும் சொன்னவர்களுக்கு அவளைத் தெரியாது. எனக்குத் தெரியுமே.

ஒரு பித்தளைக் கடையில் பெரிய தாம்பாளம் இருந்தது. ஓரமெல்லாம் பூவேலை. கை தானாகக் கவிழ்த்துப் பார்த்தது. 'த. ஆண்டாளம்மாள், 1968.' கடைக்கார அம்மா சிரித்தார். "கஸ்தூரிக்கா மாதிரியே கவுத்துப் பாக்கறீங்களே. அவங்களுக்கு சொந்தமா?"

ஐம்பது பேர் போகிற வருகிற இடம். யாருக்கும் என்னைத் தெரியாது. "தங்கச்சி" என்றேன். இந்த இரண்டு மாதத்தில் முதல் தடவை.

"மேடவாக்கம் தங்கச்சியா? பெரிய அபார்ட்மெண்ட்ல இருக்கறவங்க?" அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "உங்க கிரகப்பிரவேசத்துக்குத்தானே அந்த ஃபில்டரு. அய்யோ, ரெண்டு மாசம் என் உசுர எடுத்துட்டாங்க. எது காட்னாலும் வேணாம், அடியில யாரு பேரும் இருக்கக்கூடாதுன்னுட்டாங்க. பேரில்லாத பழசு எங்க கெடைக்கும் சொல்லுங்க? கடைசில ஒண்ணு வந்துச்சு, ஒரு ஓரம் நசுங்கனது. அதான் வேணும்னு தூக்கிட்டுப் போயி, தோ அந்தப் பேரு வெட்டற பாய்கிட்ட, தங்கச்சி பேர வெட்டணும்னு பக்கத்துலயே உக்காந்துட்டாங்க."

நான் தாம்பாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"புதுசே வாங்கலாமேக்கான்னு கேட்டேன். இல்ல, சின்ன வயசுல எங்க ஹவுஸ் ஓனர் வீட்டுல இந்த மாதிரி கனமா ஒண்ணு இருந்துச்சு, காபி வாசன வந்தா என் தங்கச்சி அவங்க ஜன்னலாண்டயே போயி நிப்பா, பெரியவளானா இதே மாதிரி வாங்குவேன்னு சொல்லுவா, இப்ப வர்றதெல்லாம் தகரமா இருக்குன்னாங்க. இப்பவும் அதுலதான காபி போடறீங்க?"

"ஆமாம்மா" என்றேன். இந்தப் பொய்யையும் சொன்னேன்.

ஜன்னல் எனக்கு மறந்தே போயிருந்தது. பெரம்பூர் வீட்டு நீல ஜன்னல். ஆக, இருபத்தொன்றாம் தேதி அக்கா கவிழ்த்து வாசித்தது என் பெயரை. என் பெயர், பக்கவாட்டில் என் கையெழுத்தில் இருபது ரூபாய். அதை வாசித்து முடிக்கும்போதுதான், "பிளவுஸ் தைக்கறவங்க" என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது.

அஞ்சு வருஷம் என் தலைக்கு மேல் பரணில் இருந்தது. ஒரு தரம் கவிழ்த்துப் பார்த்திருக்கக் கூடாதா நான்.

தாம்பாளத்துக்கு எண்ணூறு சொன்னார். கேட்டதைக் கொடுத்தேன். பாயிடம் கொண்டுபோய், ஆண்டாளம்மாள் பெயருக்குக் கீழே வெட்டச் சொன்னேன். என்ன வெட்டணும் என்று கேட்டார். சொன்னேன். அவர் வெட்டி முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் சத்தம் போடவில்லை. "அக்காவா பின் லிஃப்ட்ல போய்ட்டு வந்தாங்க?" என்று மட்டும் கேட்டார். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

செப்டம்பர் 13, வெள்ளி

குழுவில் எழுத உட்கார்ந்தேன். "கஸ்தூரி என் சொந்த அக்கா. ஜூலை மாதம் நான் உங்களிடம் பொய் சொன்னேன்." நாலு தடவை அடித்தேன், நாலு தடவை அழித்தேன். ஒரு தடவை விரல் பட்டு அனுப்பப்பட்டுவிட்டதோ என்று பதறி, இல்லை என்றதும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

வத்சலா மேடம் முதலாக நாலு பேரும் வந்திருந்தார்கள். நானும் இவரும் சீர்த்தட்டோடு உள்ளே நுழைந்ததும், "அடடே, சுகந்தி, டெய்லர் வீட்டு விசேஷத்துக்கு இவ்வளவு சீரா? உங்க மனசு யாருக்கு வரும்" என்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் உட்கார்ந்தேன். எழுதத்தானே வேண்டும், உட்கார்ந்தேன்.

மேடையில் டில்லிபாபு மாமா புது வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். அக்கா அரக்குப் புடவை, தலை நிறைய மல்லி. அய்யர் மைக்கில், "பொண்ணோட பொறந்த வீட்டுச் சீர் யாரு கொண்டுவரா? தங்கை இருக்கேளா? வாங்கோ" என்றார்.

எழுந்திருக்க வேண்டும். மடியில் தாம்பாளம் கனத்தது. வத்சலா மேடம் என் பக்கம் சாய்ந்து, "பாவம், யாரும் வரலை போலிருக்கே" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தாள். பிறகு மைக்கின் பக்கம் குனிந்து, "தங்கச்சி ஊர்ல இல்லீங்க சாமி. வரமுடியல. நீங்க ஆகவேண்டியதப் பாருங்க" என்றாள்.

தன் கல்யாண மேடையில் உட்கார்ந்துகொண்டு எனக்காகப் பொய் சொன்னாள். என் பொய்யை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

"இருக்கேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. எழுந்து நின்று இன்னொரு தரம் சொன்னேன். "இருக்கேங்க. நான்தான் தங்கச்சி."

வத்சலா மேடத்தின் முகத்தைப் பார்க்காமல் போகலாம் என்று நினைத்தேன். அதுவும் தப்பு என்று தோன்றியது. நின்று சொன்னேன். "மேடம், கஸ்தூரி என் கூடப் பிறந்த அக்கா. அன்னிக்கு உங்ககிட்ட சொல்ல வெட்கப்பட்டேன்." அந்த நாலு பேரும் என்னை எப்படிப் பார்த்தார்களோ அப்படித்தான் பார்க்க வேண்டும், அதில் தவறில்லை. நடந்தேன். மண்டபம் சின்னதுதான், ஆனால் அந்த மேடை ரொம்ப தூரத்தில் இருந்தது.

அக்கா தாம்பாளத்தை வாங்கினாள். மேலே இருந்த புடவை, வேட்டி, பூ, பழத்தையெல்லாம் மாமாவின் மடியில் கொட்டினாள். அய்யர், "அம்மா, அம்மா" என்கிறார். இவள் தட்டைக் கவிழ்த்து வாசித்தாள். சத்தமாக, மைக் பக்கத்திலேயே, சந்தையில் வாசிப்பது போலவே.

"த. ஆண்டாளம்மாள், ஆயிரத்தித் தொள்ளாயிரத்து அறுவத்தெட்டு." நிறுத்தினாள். "கீழ... எங்க கஸ்தூரி அக்காவுக்கு. தங்கச்சி சுகந்தி."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "எவ்ளோ கொடுத்த?"

"எண்ணூறு."

"நானூறுக்குக் கொடுத்திருப்பாடி அவ. ஏமாந்துட்டு வந்து நிக்கறா பாரு" என்று மாமாவிடம் சொன்னாள். மண்டபமே சிரித்தது. எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

குழுவில் ஒருவரும் எதுவும் எழுதவில்லை. லிஃப்டில் வத்சலா மேடம், "கஸ்தூரிம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். என்னை எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. நியாயம்தான்.

பின்பக்க லிஃப்ட் தீர்மானத்தை மாற்றச் சொல்லிச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். என்ன செய்வார்களோ.

அக்காவுக்குப் போன் பண்ணி, ஃபில்டரைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன்.

"எதுக்கு?"

"அது என்னுதுக்கா."

"உன்னுதா? நான் இருபது ரூபா கொடுத்து வாங்குனது. அதுவும் பேரம் பேசாம. காபி வேணும்னா வா, போட்டுத் தரேன்."

செப்டம்பர் 20, வெள்ளி

விடியற்காலையில் அக்காவோடு சந்தைக்குப் போனேன். அவள் ஒரு இடுக்கியும் யார் வீட்டுச் சுவரிலோ தொங்கிய ஒரு கண்ணாடியும் வாங்கினாள். பை தூக்கியது நான்.

பிறகு பம்மல் வீட்டில் காபி. திக்காக, கனமாக இறங்கியிருந்தது. இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தேன். அக்கா ஃபில்டரைக் கழுவிச் சமையல் மேடையில் கவிழ்த்து வைத்தாள். புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள், தங்கம் போல் இருந்தது. அடி மேலாக இருந்ததால் குனிய வேண்டியிருக்கவில்லை. இன்றைக்குத்தான் முதல் முறையாக வாசித்தேன்.

'எங்க சுகந்திக்கு. புது வீட்டுக்கு. அக்கா, மாமா.'

தாம்பாளத்தில் வெட்டச் சொன்னபோது எனக்கு இது தெரியாது. நானும் 'எங்க' என்றுதான் சொன்னேன்.

பக்கவாட்டில் இருபது ரூபாய் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அத்தனை தேய்த்தும் அதைச் சுற்றித்தான் தேய்த்திருக்கிறாள்.

"இதை எடுத்துடட்டுமாக்கா? கொஞ்சம் எண்ணெய் தடவினா வந்துடும்" என்றேன்.

அக்கா இடுக்கியை வெளிச்சத்தில் பிடித்து ஆணி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும்டி" என்றாள். "தானா போறப்ப போவட்டும்."